எப்போதிலிருந்து மரபு?

ஒரு நாள் நான் கல்லூரி முதல்வராக இருந்தேன். மகளிர் தினத்தன்று, காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை. அப்போது நான் வேலை பார்த்த கல்லூரியில், கோலப்போட்டியும் பட்டிமன்றமும் நடத்திச் சலித்துப்போன நிர்வாகம் ‘இந்த வருஷம் எல்லாம் தலைகீழ்’ என்று அறிவித்தது. பேராசிரியை ஒருவர் முதல்வரின் நாற்காலியில் உட்காருவார், முதல்வர் அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுப்பார், படம் எடுப்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் என் பெயர் வந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தேன், காபி வந்தது, படமும் எடுத்தார்கள். அதன் பிறகு அலுவலகக் கண்காணிப்பாளரிடம் ஒரு தாள் கேட்டேன். பெண்கள் விடுதியின் வாயில் இனி மாலை 6 மணிக்கு அல்லாமல் இரவு 8.30க்கு மூடப்படும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆண்கள் விடுதியை 9.30க்குத்தான் மூடுவார்கள். நூலகம் 8 மணி வரை திறந்திருக்கும். என் மாணவிகளோ 5.45க்கே புத்தகத்தை மூடிவிட்டு ஓடுவார்கள். முனைவர் பட்ட ஆய்வு செய்கிற 30 வயதுப் பெண்ணும் ஓடுவாள்.

மறுநாள் முதல்வர் என்னை அழைத்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “அது சும்மா ஒரு நாள் விளையாட்டு மேடம். விடுதி நேரமெல்லாம் இந்தக் கல்லூரியோட மரபு. அதுல கை வைக்க முடியாது.” என் ஆணை குப்பைக் கூடைக்குப் போயிற்று. படம் ஆண்டு மலரில் வந்தது.

விளையாட்டு, மரபு என்ற அந்த இரண்டு சொற்களும் என்னை விடவில்லை. இரண்டையும் ஒரே இடத்தில் மறுபடி சந்தித்தேன். அது எனக்குச் சற்றும் தொடர்பில்லாத ஓர் இடம், ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரிலுள்ள ஓல்டு கோர்ஸ் என்னும் கோல்ஃப் திடல்.

கவிதை வாசிக்கப் போயிருந்தேன். கோல்ஃப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. மட்டையைத் தொட்டதும் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. உலகப் புகழ்பெற்ற அந்தத் திடலில் பெரிய போட்டிகள் நடக்கும் நாள்கள் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் நாயைக் கூட்டிக்கொண்டு, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு புல்வெளியில் நடப்பார்கள். நானும் புடவையும் ஸ்வெட்டரும் கேன்வாஸ் காலணியுமாக நடந்தேன். முதல் ஆட்டம் தொடங்கும் இடத்திலிருந்து நேராகப் போகாமல் இடப்பக்கமாக விலகி நடந்துகொண்டிருந்தேன். நாயோடு எதிரே வந்த ஒரு மூதாட்டி நின்று, “நீங்கள் பழைய வழியில் போகிறீர்கள்” என்றார். தவறான வழியோ என்று தயங்கினேன். “இல்லை, இல்லை. இதுதான் முதலில் இருந்த வழி. இப்போது இதைத் தலைகீழ் என்கிறார்கள்” என்றார்.

அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பிறகு தேடிப் படித்தேன். கோல்ஃப் தெரியாத தோழிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு திடலில் 18 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியையும் சுற்றி நன்கு கத்தரித்த புல்தரை உண்டு. அதை கிரீன் என்பார்கள். பந்தை அடித்து அடித்துக் குழியில் சேர்த்துவிட்டு அடுத்த குழிக்குப் போக வேண்டும். ஓல்டு கோர்ஸ் கடலோர மணல்மேட்டு நிலம். ஊரிலிருந்து கிளம்பி வெகுதூரம் வெளியே போய், கொக்கிபோல் வளைந்து, மறுபடி ஊருக்கே வந்து சேரும் ஒடுங்கிய திடல். போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் இடம் பகிர வேண்டியிருந்ததால் 7 கிரீன்கள் இரட்டைக் கிரீன்கள். ஒரே புல்தரையில் இரண்டு குழிகள். 2ஆம் குழியும் 16ஆம் குழியும் ஒன்றில், 3ஆம் குழியும் 15ஆம் குழியும் இன்னொன்றில். எந்த ஜோடியைக் கூட்டினாலும் 18 வரும்.

இந்த அமைப்பால் திடலை இரு திசைகளிலும் ஆடலாம். இப்போதைய வழி இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. மற்ற வழியில், முதல் இடத்தில் நின்று 17ஆம் குழியை நோக்கி அடிக்க வேண்டும். பிறகு 18ஆவது தொடங்கும் இடத்திலிருந்து 16ஆம் குழிக்கு. இப்படியே போனால் வலஞ்சுழி. நாம் கோயிலை வலம் வருகிற அதே திசை. 1870 வாக்கில் ஓல்டு டாம் மோரிஸ் முதல் குழிக்குத் தனியாக ஒரு கிரீன் அமைத்தார். அதற்கு முன் வலஞ்சுழியாகத்தான் ஆடிவந்தார்கள். அதன் பிறகு சில காலம் ஒரு வாரம் இந்தத் திசை, ஒரு வாரம் அந்தத் திசை என்று மாற்றினார்கள். மிதிபட்ட புல் மீண்டெழ வேண்டும் என்பது காரணம். 1886இல் பிரிட்டனின் அமெச்சூர் சாம்பியன்ஷிப் அங்கே நடந்தபோது அது வலஞ்சுழியில்தான் ஆடப்பட்டது. மெல்ல மெல்ல ஒரு திசை நிலைத்தது. மற்றது தேய்ந்து, இப்போது அபூர்வமாக ஓரிரு நாள்கள் அனுமதிக்கப்படும் வேடிக்கை ஆகிவிட்டது. அதற்கு ‘தலைகீழ்’ என்று பெயரும் வந்துவிட்டது.

என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள். சமமாக இருந்த இரண்டில் ஒன்று ‘நேர்’ ஆயிற்று. மூத்தது ‘தலைகீழ்’ ஆயிற்று. யாரும் சட்டம் போடவில்லை. பழக்கம் போதுமானதாக இருந்தது. இரண்டு தலைமுறை கழிந்தால் போதும், பழக்கத்துக்கு மரபு என்று பெயர் வந்துவிடும். அதற்கு முன் இருந்தது எதிர்ப்பாகவும் கிறுக்காகவும் தெரியும்.

இதில் இன்னொரு முரணும் உண்டு. ஸ்காட்லாந்தின் நாட்டார் நம்பிக்கையில் சூரியன் போகும் திசைக்கு எதிராக, அதாவது இடஞ்சுழியாகச் சுற்றுவது கேடு. அதற்கு விடர்ஷின்ஸ் என்று ஒரு தனிச்சொல்லே இருக்கிறது. சூனியக்காரிகள் அப்படிச் சுற்றுவார்கள் என்றார்கள். 1563 முதல் 1736 வரை அங்கே சூனியத்துக்கு எதிரான சட்டம் நடப்பில் இருந்தது. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆவணங்களிலிருந்து திரட்டிய கணக்கின்படி குற்றம் சாட்டப்பட்டவர்கள் 3,800க்கும் மேல். அவர்களில் 84 விழுக்காட்டினர் பெண்கள். எதிர்ச்சுற்றுச் சுற்றியது குற்றப்பட்டியல்களில் இடம்பெற்றிருக்கிறது. பெண்கள் சுற்றினால் தீயில் போடத்தக்க திசை, கனவான்கள் சுற்றினால் ‘நேர்வழி’. திசையில் எந்தக் குணமும் இல்லை. யார் நடக்கிறார் என்பதை வைத்து அதற்குப் பெயர் வைக்கிறார்கள்.

அந்தத் திடலை ஒட்டி ஒரு கிளப் இருக்கிறது. 1754இல் 22 பிரபுக்களும் கனவான்களும் சேர்ந்து தொடங்கிய சங்கம். 1834இல் அரசர் ஆதரவு தந்ததால் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் என்று பெயர் பெற்றது. திடல் அந்தக் கிளப்புக்குச் சொந்தமில்லை, அது ஊருடையது. பெண்களும் அங்கே ஆடலாம். மூடியிருந்தது கிளப்பின் கதவுதான். ஆனால் உலகின் பெரும்பகுதிக்கு கோல்ஃப் விதிகளை வகுத்துவந்தது அந்தக் கிளப். 2004இல்தான் அந்தப் பொறுப்பைத் தனி அமைப்பிடம் ஒப்படைத்தது. விதி செய்யும் அறைக்குள் பெண் உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல் பெண்கள் ஆட்டத்துக்கும் விதி செய்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத் தலைவர்களுக்குக் கிளப்பில் கௌரவ உறுப்பினர் இடம் தருவது வழக்கமாக இருந்தது. 2009இல் லூயிஸ் ரிச்சர்ட்சன் அந்தப் பதவிக்கு முதல் பெண்ணாக வந்தார். வழக்கம் அவரிடம் வந்து நின்றுவிட்டது.

காரணம் கேட்டால் பதில் ‘மரபு’. எந்த மரபு? 1754 மரபு என்றால், அதற்கு 202 ஆண்டுகளுக்கு முன்பே, 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் எழுதிக்கொடுத்த பட்டயம் ஒன்று இருக்கிறது. அந்தக் கடலோர நிலத்தில் கோல்ஃப் உட்பட விளையாட்டுகள் ஆட ஊர்மக்களுக்கு உள்ள உரிமையை அது ஏற்கிறது. ஊர்மக்கள் என்றால் உறுப்பினர் இல்லை, கனவான் இல்லை, ஊர். பழமைதான் அளவுகோல் என்றால் 1552 வெல்ல வேண்டும். வெல்லவில்லை. மரபு பேசுகிறவர்கள் எப்போதும் பழமையின் அடிவரை போவதில்லை. தங்களுக்கு வசதியான ஓர் ஆண்டில் நின்றுகொண்டு அதற்கு அப்பால் எதுவுமே இல்லை என்பார்கள்.

பெண்கள் ஆடவே இல்லை என்பதும் பொய். மஸல்பரோ என்ற ஊரின் மீன் விற்கும் பெண்களுக்காக 1811இல் ஒரு கோல்ஃப் போட்டி நடந்தது. பரிசாக மீன்கூடையும் பட்டுக் கைக்குட்டைகளும் வைத்தார்கள். கூடை சுமக்கிற பெண்ணுக்குப் பரிசும் கூடைதான். ஆனாலும் ஆடினார்கள். மேட்டுக்குடிப் பெண்கள் ஆட விரும்பியபோது 1867இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர்களுக்கென்று ஒரு சங்கமும் பந்தை உருட்டி மட்டுமே ஆடுகிற சிறிய மேட்டுப் புல்தரையும் வந்தன. பெண் மட்டையைத் தோளுக்கு மேல் உயர்த்துவது அழகில்லை என்று கருதிய காலம். 1890இல் வெல்வுட் பிரபு என்ற நீதிபதி, பெண்கள் பந்தை 70, 80 கஜத்துக்கு மேல் அடிக்காதிருப்பது நல்லது என்று எழுதினார். பெண் உடையில் முழுவீச்சு வீசுவது பார்க்க நன்றாக இருக்காதாம். வலிமை இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பார்க்கிறவருக்கு நன்றாக இல்லை என்றார். மாணவிகளே, உங்களிடம் ‘சத்தமாகச் சிரிக்காதே’ என்று சொல்லப்படும்போதெல்லாம் அந்த 80 கஜத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

2014இல் கிளப் வாக்கெடுப்பு நடத்தியது. செப்டம்பர் 18, ஸ்காட்லாந்து தனிநாடாவதா என்று பொதுவாக்கெடுப்பு நடந்த அதே நாள். வாக்களித்த ஆண்களில் 85 விழுக்காட்டினர் பெண்களைச் சேர்க்கலாம் என்றார்கள். 260 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே ஆண்டு ஜூலையில் சென்னையில் ஒரு கிளப், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை உள்ளே விடவில்லை. தமிழ்நாடு கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறியது. அந்தக் கோபம் நியாயமானது. வெள்ளையர் விட்டுச்சென்ற உடைவிதியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். நான் பார்த்த விவாதங்களில் ஒன்றில்கூட, அந்த மாதிரி கிளப்புகளில் பெண் உறுப்பினர்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். ஆணின் இடுப்புத்துணிக்கு நேர்ந்த அவமானத்தை ஒரு மாதத்தில் சரிசெய்ய முடிகிறது.

2015இல் 7 பெண்களுக்குக் கௌரவ உறுப்பினர் இடம் தரப்பட்டது. இளவரசி ஆன், ஆனிகா சோரென்ஸ்டாம், ரெனீ பவல் ஆகியோர் அதில் இருந்தார்கள். ரெனீ பவல் கறுப்பினப் பெண். கறுப்பர்களை உள்ளே விடாத திடல்களைப் பார்த்து வெறுத்துப்போய் அவருடைய தந்தை ஒஹாயோவில் தானே ஒரு திடல் உருவாக்கினார். அங்கே வளர்ந்த மகள் தொழில்முறை ஆட்டக்காரரானார். அவர் அந்தப் படி ஏறியது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் வரவேற்கப்பட்டவர்களைப் பாருங்கள்: ஓர் இளவரசி, பெயர்பெற்ற ஆட்டக்காரர்கள். கதவு திறக்கும்போது அரியணையும் கோப்பையும் உள்ளவர்களுக்கே முதலில் திறக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் ஸ்காட்லாந்து கோல்ஃப் விதிகளில் ஒன்று எனக்கு மறக்க முடியாதது. பந்து துணிமீது விழுந்தால் துணியை உருவிக்கொள்ளலாம். சலவைத் தொட்டி அருகில் விழுந்தால் தொட்டியை நகர்த்தலாம். அப்படியென்றால் அந்தப் புல்வெளிகளில் யாரோ துணி வெளுத்துக்கொண்டிருந்தார்கள், உலர்த்திக்கொண்டிருந்தார்கள். விதியில் துணி இருக்கிறது, தொட்டி இருக்கிறது. துவைத்தவர் இல்லை. அவர் கை, அவர் முதுகு, அவருடைய நாள் எதுவும் இல்லை. ஆட்டத்துக்கு இடையூறாகும்போது மட்டும் அவருடைய பொருள்கள் சரித்திரத்தில் நுழைகின்றன.

ஓல்டு கோர்ஸைத் தலைகீழாக ஆடுகிற நாளைப் பற்றி எனக்குள்ள குறையும் இதுதான். திசை மாறுகிறது. ஆடுகிறவர்கள் மாறவில்லை, கட்டணம் கட்ட முடிகிறவர்கள் மாறவில்லை, புல் கத்தரிக்கிறவர்கள் மாறவில்லை. நம் மகளிர் தினங்களும் அப்படித்தான். ஒரு நாள் ஆண்கள் சமைப்பார்கள். மறுநாள் அடுப்படியைக் கழுவுவது யார்? ஒரு நாள் நாற்காலி தருவார்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் மேசை இழுப்பறையில் பூட்டி இருக்கும். அனுமதி பெற்று நடக்கும் தலைகீழ், ‘நேர்’ எது என்பதை எல்லோருக்கும் நினைவூட்டிவிட்டு முடிகிறது. நாமும் அதற்குப் போய்க் கைதட்டிவிட்டு வருகிறோம். பெண்ணியம் பேசுகிற நானும் அந்தக் காபியைக் குடித்தவள்தான்.

ஆனால் தலைகீழாக நடப்பதில் ஒரு பயன் உண்டு, அதை விட்டுவிடக் கூடாது. ஓல்டு கோர்ஸில் பங்கர் எனப்படும் மணற்குழிகள் 112. வழக்கமான திசையில் வருபவருக்கு அவற்றில் பல கண்ணில் படுவதில்லை. முன்னாலிருக்கும் மேடு மறைத்துவிடும். பந்து விழுந்த பிறகுதான் குழி இருந்தது தெரியும். எதிர்த்திசையில் நடந்தால் அதே குழிகள் வாயைத் திறந்துகொண்டு நேரே தெரிகின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்தேன். சற்றுமுன் வெறும் புல்மேடாகத் தெரிந்த இடம், தாண்டிப்போய்த் திரும்பினால் ஆள் உயரப் பள்ளம்.

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நினைவுக்கு வந்தது. புறத்தேர்வாளர் கேட்டார்: “ஏன் எல்லாத்தையும் தலைகீழாவே படிக்கிறீங்கம்மா?” நான் செய்தது இவ்வளவுதான். அகப்பாடல்களில் தலைவி பேசுவதை உரையாசிரியர் சொல்லும் பொருளிலிருந்து தொடங்காமல், அவள் பேச்சிலிருந்தே தொடங்கினேன். உரைகள் பாடல்களுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னால் வந்தவை. பின்னால் வந்ததை முதலில் படிப்பது நேர், முன்னால் இருந்ததை முதலில் படிப்பது தலைகீழ். அன்று எனக்குச் சரியான பதில் வரவில்லை. “மன்னிக்கணும் ஐயா” என்று ஏதோ முணுமுணுத்தேன். இன்று சொல்வேன்: ஐயா, நான் பழைய வழியில்தான் போகிறேன்.

ஊர் திரும்பியதும் விடுதி அலுவலகத்துக்குப் போனேன். அப்போது நான் துணைக் காப்பாளர். பதிவேடுகளைப் பார்க்க எனக்கு உரிமை இருந்தது. தகரப் பெட்டிக்குள் கரையான் அரித்தது போக மீதி இருந்தவற்றை இரண்டு மாணவிகளோடு உட்கார்ந்து புரட்டினோம். 1987ஆம் ஆண்டுப் பதிவேட்டில் பெண்கள் விடுதி வாயில் மூடும் நேரம் இரவு 8 மணி. 1996இல் ஒரு சுற்றறிக்கை. வாயிலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் வந்து தொல்லை கொடுக்கும் வெளியாள்களைப் பற்றிய புகாரை முன்னிட்டு, ‘தற்காலிகமாக’ 6 மணி. தொல்லை கொடுத்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். புகார் கொடுத்தவர்களைப் பூட்டினார்கள். அந்தத் தற்காலிகத்துக்குத்தான் முதல்வர் மரபு என்று பெயர் சொன்னார்.

சுற்றறிக்கையின் நகலை இணைத்து 140 மாணவிகள் கையெழுத்திட்ட மனுவை ஆசிரியர் கூட்டத்தில் வைத்தோம். மகளிர் தினத்துக்காக நாங்கள் காத்திருக்கவில்லை. அது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை. வாக்குவாதம் நடந்தது. “பெற்றோர் ஒத்துக்க மாட்டாங்க” என்றார்கள். பெற்றோரின் கடிதங்களைக் கொண்டுவந்தோம். “பாதுகாப்பு” என்றார்கள், நூலகத்திலிருந்து விடுதி வரை விளக்குப் போடுங்கள் என்றோம். நான்கு மாதம் இழுத்தார்கள். கடைசியில் வாயில் நேரம் 7.30 ஆயிற்று.

தோழிகளே, மாணவிகளே, உங்களிடம் யாராவது ‘மரபு’ என்று சொன்னால் உடனே எதிர்த்துப் பேச வேண்டாம். “எப்போதிலிருந்து?” என்று கேளுங்கள். ஆண்டு கேளுங்கள், தாள் கேளுங்கள், கையெழுத்துப் போட்டது யார் என்று கேளுங்கள். பெரும்பாலான மரபுகளுக்கு நம் பாட்டிகளைவிட வயது குறைவு.

எங்கள் கணக்கில் ஆண்கள் விடுதிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் பின்னால் இருக்கிறோம். அடுத்த மனு தயாராகிக்கொண்டிருக்கிறது.